இரண்டாவது டப்பா

பழைய டப்பாவின் வயரை உருவிவிட்டு, எட்வின் கொடுத்த டப்பாவின் வயரை ஸ்ட்ரீமரின் பின்பக்கம் செருகினாள் வெங்கடேஸ்வரி.

அதன் தனிக் கரண்டு வயரைச் சுவரில் மாட்டினாள்.

சோபாவில் அவள் புருஷன் ஹரிகிருஷ்ணன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பாட்டுக் கேட்பது அந்த வீட்டில் இப்போது வழக்கமாகியிருந்தது.

ஸ்ட்ரீமர் நெட்டிலிருந்து பாட்டை எடுத்துத் தரும். அதை ஸ்பீக்கருக்கு ஏற்ற சத்தமாக மாற்றிக் கொடுப்பது, யு.எஸ்.பி. வயரில் மாட்டுகிற இந்தக் கையடக்க டப்பா. கடையில் டேக் (DAC) என்பார்கள். வெங்கடேஸ்வரி வீட்டில் அது டப்பாதான்.

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில், நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின் இரைச்சலுக்குள்ளேயே பகலெல்லாம் நிற்கிறவள் அவள். வீட்டுக்கு வந்தால் சுத்தமான பாட்டாகக் காதில் விழ வேண்டும் என்று ஆசை. யூடியூபில் பார்த்துப் பார்த்து, ஸ்பீக்கர், ஸ்ட்ரீமர், டப்பா என்று ஒவ்வொன்றாகத் தானே தேடி வாங்கினாள். பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்தாள்.

மூச்சு கேட்டது. கூடவே இன்னொன்றும் கேட்டது.

கடுகு பொரிகிற மாதிரி, பொடிப்பொடியாக ஒரு சத்தம்.

வயரை மாற்றினாள். ஸ்பீக்கரைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தாள். போகவில்லை.

அன்று பக்கத்தில் இருந்த புருஷனைப் பார்த்தாள். அவர் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, பிரமாதம் என்றார்.

அவருக்குக் கேட்காத சத்தம் தனக்கு மட்டும் கேட்கிறது என்றால், கோளாறு டப்பாவிலா, தன் காதிலா?

மில்லில் காதடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். வேர்க்கிறது, அரிக்கிறது என்று பாதி நேரம் அதைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறவள்தான் அவளும்.

அவளோடு வேலை பார்த்த இருளம்மாளுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. காதுக்குள் என்னவோ பொரிகிறது என்றாள். பிறகு, மகள் போனில் கூப்பிட்டால் என்ன சொல்கிறாள் என்று கேட்டுச் சொல்லச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவர்களிடம் போனை நீட்ட ஆரம்பித்தாள்.

வருகிற வாரம் மில்லில் காது டெஸ்ட். வெங்கடேஸ்வரியை சூப்பர்வைசர் ஆக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிற நேரம். டெஸ்டில் தேறாவிட்டால் அந்தப் பேச்சு அதோடு சரி. ஹரிகிருஷ்ணனுக்குத் தெரிந்தாலோ, மில்லும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டில் இரு என்பார்.

ஆகையால் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நேற்று ஆண்டாள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். கோயிலுக்கும் போனாள். சந்தேகம் வரக்கூடாது என்று பால்கோவாவும் வாங்கிக்கொண்டாள். ஆனால் போனது என்னவோ, அங்கே சவுண்டு கடை வைத்திருக்கும் எட்வினைப் பார்க்க. காதைப் பற்றி மூச்சு விடாமல் சத்தத்தைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"ஒங்க டப்பா, ஸ்ட்ரீமர் குடுக்கிற கரண்டுலயே ஓடுதுக்கா. தரம் கூடுன பாட்டுக்கு அது பத்தாம இருக்கலாம். இந்தா, இது தனி கரண்டுல ஓடும். இதுலயும் பொரிஞ்சா டப்பா மேல தப்பில்ல" என்று தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான் எட்வின்.

அந்தக் கடைசிப் பேச்சு பஸ்ஸில் அவளோடு ராஜபாளையம் வரை வந்தது.

இப்போது ஸ்ட்ரீமரின் திரையில் புது டப்பாவின் பெயர் தெரிந்தது. எப்போதும் ரொம்பப் பொரிகிற ஒரு வீணைப் பாட்டைத் தொட்டாள். தரம் கூடின பாட்டு என்று காட்டும் 24 பிட், 192 என்ற எழுத்து வந்து நின்றது.

முதல் மீட்டு.

வெங்கடேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது. தந்தியின் மேல் விரல் வழுக்கிப் போவது கேட்டது. அது அடங்கி, அடுத்த தந்தி பேசுவதற்கு முன்னால் ஓர் இடைவெளி வந்தது. அந்த இடைவெளியில் சுத்தமாக ஒன்றுமே இல்லை.

நம்பாமல் பழைய டப்பாவை எடுத்து மாட்டினாள். பொரிந்தது. எட்வினுடையதை மறுபடி மாட்டினாள். பொரியவில்லை. இன்னொரு தடவையும் மாற்றிப் பார்த்தாள்.

டப்பாதான். டப்பாவேதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் இரண்டு காதையும் தடவிக் கொடுத்தாள், காய்ச்சல் விட்ட பிள்ளையைத் தடவுகிற மாதிரி. நாளைக்கே ஒரு நல்ல காதடைப்பானாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். வேர்த்தால் வேர்த்துவிட்டுப் போகிறது.

வீணை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பாடா, இப்பத்தான் அந்தப் பொரியிற சத்தம் போயிருக்கு" என்று சோபாவிலிருந்து குரல் வந்தது.

வெங்கடேஸ்வரி மெல்லத் திரும்பினாள். "ஒங்களுக்கும் கேட்டுச்சா?"

"மொத நாள்லருந்தே கேக்குது" என்றார் ஹரிகிருஷ்ணன், கண்ணைத் திறக்காமலே. "நீ அம்புட்டு ஆசையா வாங்கி வச்சிருக்க. அதுல போயி எப்படிக் குத்தம் சொல்ல?"

எழுந்து போய் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது அவளுக்கு.

பாட்டு முடியட்டும் என்று விட்டுவிட்டாள்.