மூன்றாம் நம்பர் தரை

"சார், மூணாம் நம்பர் ஹெட்செட்டைப் போட்டா அந்தரத்துல மிதக்கறேன். தரை கீழ போயிடுச்சு!" என்றான் கட்டடக்கலை மாணவன்.

மெய்நிகர் காட்சி (வி.ஆர்.) லேபுக்குப் புதிதாக வந்திருந்த டெக்னீஷியனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் மாலையில் அவர் ஹெட்செட்டில் தெரியும் தரையின் மட்டத்தைச் சரிசெய்துவிட்டுப் போகிறார். காலையில் யாரோ ஒன்றரை அடி இறக்கிவிடுகிறார்கள்.

"நாளைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

மறுநாள் லேப் திறந்ததுமே வந்துவிட்டார். மூன்றாம் நம்பர் தடுப்புக்கு மேலே, உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் தலையும் ஹெட்செட்டும் தெரிந்தன.

"ஏம்மா, நீங்கதானா? தரையை ஏன் நோண்டறீங்க?"

"வேணும்னுதான் இறக்கறேன். நான் வரையற பள்ளிக்கூடம் நிக்கறவங்க கண்ணுக்கு எப்படித் தெரியும்னு பாக்க வேணாமா?"

"அதுக்கு எழுந்து நின்னு பாக்கறதுதானே?" என்று கேட்டபடியே தடுப்பைத் தாண்டினார்.

சக்கர நாற்காலியில் இருந்தவள் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"இனிமே போகும்போது பழையபடி மாத்தி வெச்சுடறேன் சார். ஆனா, இந்த லேப் வாசல்ல படி வெச்ச மகராசன் ஒரே ஒரு தடவை உக்காந்து பாத்திருந்தா, தினமும் ரெண்டு பேர் என்னைத் தூக்கிட்டு வர வேண்டியிருக்காது."