எண்பதுக்குக் கீழே

கூப்பிடுகிறவரின் நாடித்துடிப்பு எண்பதைத் தாண்டினால் அவர் கைப்பட்டை அழைப்பைப் போகவிடாது. பசியிலும் பதற்றத்திலும் எடுக்கும் முடிவு உடம்பினுடையது, மனிதனுடையது அல்ல என்பது சட்டம்.

சண்டை போட்டுக்கொண்டு சூரத் போய்விட்ட கணவன் பூபதியைக் கூப்பிட, திருப்பூர் பனியன் கம்பெனியில் தையலின் பிசிறு நூல் வெட்டும் கோகிலா ஏழு மாதமாக முயல்கிறாள். வயிறாரச் சாப்பிட்டுப் பார்த்தாள். நன்றாகத் தூங்கி எழுந்து பார்த்தாள். அவன் பெயரைத் தொட்டதுமே எண் நூற்றைத் தாண்டிவிடும். "சற்று ஓய்வெடுங்கள்" என்று பட்டை சொல்லும்.

"அவரும் அங்க இப்படித்தான் தவிச்சுட்டு இருப்பாருடி. இல்லீன்னா கூப்ட்டிருக்க மாட்டாரா?" என்று பக்கத்தில் வேலை செய்யும் தேன்மொழியிடம் தினமும் சொல்வாள். அந்த நினைப்பில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

இன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அழைப்பு வந்தது. பூபதி!

"கோகிலா, சாப்டியா?"

எத்தனை நாள் அவள் ஏங்கிய குரல். அவனுடைய பட்டை அழைப்பை விட்டிருக்கிறதே என்று பிறகுதான் உறைத்தது.

"உங்க பட்டையில எத்தன காட்டுதுங்க?"

"எழுபத்திரண்டு. ஏம்புள்ள?"