மேட்டில் நின்ற சிவப்புக் கார்

பழைய சிவப்புப் பந்தயக் கார் ஒன்றுக்குப் பால் வேனின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் பொருத்தினார்கள் என்பர். மீன் வேன் என்பாரும் உண்டு.

பழங்கார்களின் ஊர்வலம் ஒரு மேட்டை அடைந்தது. பரம்பரைக் கார்கள் ஒவ்வொன்றாகப் புகைந்து நின்றன. சிவப்புக் கார் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

“அடேய், நில்லடா!” என்று அது எஞ்சினிடம் பதறியது. “இப்படி ஓடினால் என் வயிற்றில் இருப்பது வேன் என்று தெரிந்துவிடும். வரிசையிலிருந்தே என்னை விலக்கிவிடுவார்கள்.”

“நிற்பதற்குப் பழைய எஞ்சினே போதுமே, ஐயா?”

“வாயை மூடு. இருமிவிட்டு நில்!”

எஞ்சின் இருமி நின்றது. அருகே புகைந்துகொண்டிருந்த கறுப்புக் கார் கனிவோடு கேட்டது: “நம்மவர்தானே?”

“அதிலென்ன சந்தேகம்?” என்று நிமிர்ந்தது சிவப்புக் கார். “இந்த மேட்டை ஏறியவர் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.”