தையலம்மாள் கோப்பை

"இன்னும் பத்து வருஷம் கழிச்சு உங்க லீக் இருக்குமா சார்? அத மட்டும் சொல்லுங்க."

நமச்சிவாயம் இப்படி நேராகக் கேட்பார் என்று வந்திருந்த இரண்டு சாரும் எதிர்பார்க்கவில்லை. வில்லியனூர்க் கடைத்தெருவில் அவருடைய மளிகைக்கடைக்குள், வெல்ல மூட்டைகளுக்கு நடுவே, ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேறு இடம் இருந்திருந்தால் இந்த இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிற ஆட்களே இல்லை.

ஒருவர் பலராமன், கல்லூரித் தமிழ் வாத்தியார், வில்லியனூர் கல்லூரி ஹாக்கி லீகின் செயலாளர். மற்றவர் சிங்காரவேலு, பாகூர் லீகின் செயலாளர். இரண்டு வருஷம் முன்புவரை ஒரே லீகாகத்தான் இருந்தது. ஃபைனலன்று அம்பயர்களுக்கு மட்டும் கோழி பிரியாணி, ஆடினவர்களுக்குத் தயிர்சாதம் என்று ஆனதில் சண்டை வந்து, ஐந்து கல்லூரிகள் மட்டையைத் தூக்கிக்கொண்டு பாகூருக்குப் போய்விட்டன. ஒரு கோல் தகராறில் பிரிந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள மரியாதையாக இருந்திருக்கும்.

போன வருஷம் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை ஜெயித்ததிலிருந்து நமச்சிவாயத்துக்கு ஹாக்கிப் பித்து. கோப்பை ஒன்று தருவதாக அவர் சொல்லியனுப்பித்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

"வெள்ளியில கப்பு செய்யச் சொல்லியாச்சு. தையலம்மாள் பேர்ல. இந்தக் கடை, நான் துன்ற சோறு, எல்லாம் அவங்க போட்டது. எனக்குப் புள்ளகுட்டி கெடையாது. எனக்கப்புறம் அவங்க பேரச் சொல்ல ஆளில்ல. அந்தப் பேரு நிக்கணும் சார். நாளைக்குப் படுத்துடற லீகுல கப்பக் குடுத்துட்டு நான் இன்னா பண்ணுவேன்?"

சொல்லிக்கொண்டே அவர் இரண்டு கையையும் கூப்பினார். இரண்டு சாரும் தலையைக் குனிந்து மரியாதைக்கு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார்கள்.

மூலையில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த நமச்சிவாயத்தின் அக்காதான் அவர்களைப் பேச வைத்தாள். கல்லாவில் உட்காருவது தம்பி என்றாலும் கடையில் விலை சொல்வது அவள்.

"சொல்லுங்க சார், கேப்போம்."

பலராமன் முந்திக்கொண்டார். "எங்களுது ஏழு டீம்க்கா. ஃபைனலுக்கு ரெண்டாயிரம் பேர் வராங்க. கேலரி கட்டியிருக்கோம், பேண்டு வாசிக்கிறாங்க. பாகூர்ல இன்னா இருக்கு? மழை பேஞ்சா கிரவுண்டுல நண்டு புடிக்கலாம்."

"நண்டு ரெண்டு மாசந்தான்," என்றார் சிங்காரவேலு. "இவரு ஏழு டீம்ங்கறாரே, அதுல நல்லா ஆடற பசங்கள எல்லாம் தன் காலேஜுக்கே இழுத்துக்கறாரு. மத்த ஆறு டீமும் அடி வாங்கத்தான் வருது. எத்தினி வருஷத்துக்கு வருவான்?"

"அடி வாங்கறவனுக்கும் கைதட்ட எங்ககிட்ட ஆளிருக்கு. உங்க மேட்ச்சுக்கு மாடு மேய்க்கிறவன்தான் ஆடியன்ஸ்."

"சண்டய வெளிய போயி போட்டுக்குங்க," என்றாள் அக்கா. "கப்ப மூணு தடவ தொடர்ந்து ஜெயிச்சவன் வூட்டுக்கே எடுத்துனு பூடலாமாமே, அது நெஜமா?"

"ஆமாக்கா. சுழற்கோப்பைன்னா அதான் வழக்கம்."

"உங்க லீகுல யாரு சார் ஜெயிக்கிறா?"

பலராமன் நெஞ்சை நிமிர்த்தினார். "ரெண்டு வருஷமும் எங்க காலேஜுதான். இன்னும் அஞ்சு வருஷத்துக்கு எங்கள அசைக்க ஒருத்தன் பொறந்து வரணும்."

"பாகூர்ல?"

சிங்காரவேலுவுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "அங்க ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. மொத வருஷம் ஜெயிச்சவன் போன வருஷம் கடைசி. இந்த வருஷம் யாருன்னு எனக்கே தெரியாது."

"இத வெளிய வேற சொல்லிக்கிறாரு பாருங்க," என்று பலராமன் சிரித்தார்.

அக்கா புளித்தட்டை நகர்த்தி வைத்தாள். "அப்போ பாகூருக்கே குடுத்துடு தம்பி. இந்த சார்கிட்ட குடுத்தா மூணே வருஷத்துல கப்பு அவரு காலேஜு பீரோவுக்குள்ள போயி உக்காந்துக்கும். பாகூர்னா ஒருத்தன் கையிலயும் தங்காது. வருஷா வருஷம் அஞ்சு டீமும் நமக்குத்தான்னு ஆசையா வருவான். லீகும் நிக்கும், பேரும் நிக்கும்."

பெருமை பேசியே கெட்டுப்போனோமே என்று பலராமன் முகத்திலேயே எழுதியிருந்தது.

நமச்சிவாயம் மனம் நிறைந்து எல்லோருக்கும் டீ சொன்னார். டீயைக் குடித்ததும் சிங்காரவேலு தயங்கித் தயங்கிப் பலராமன் பக்கம் திரும்பினார்.

"சார், தமிழ்ல எழுதறதுக்கு உங்கள வுட்டா ஆளில்ல. நோட்டீசுக்கு நாலு வரி நீங்களே எழுதிக் குடுங்களேன்."

இரண்டு வருஷத்தில் இவர் அவரிடம் கேட்ட முதல் உதவி இதுதான். பலராமனுக்கு அதற்குமேல் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. பொட்டலக் காகிதம் ஒன்றை வாங்கி, பேனாவைத் திறந்து, மடமடவென்று எழுதி, எழுந்து நின்று கணீரென்று படித்தார்.

"அமரர் தையலம்மாள் நினைவுச் சுழற்கோப்பை. தெய்வமாகிவிட்ட அன்னாரின் பெயரால் பாகூரில் நடைபெறும் முதலாம் ஆண்டுப் போட்டி."

நமச்சிவாயம் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"எழுத்தெல்லாம் முத்து முத்தா கீது சார். இந்த அமரர், நினைவு, தெய்வம் எல்லாத்தையும் அடிச்சிட்டு, வெறும் தையலம்மாள்னு என் பேர மட்டும் போடுங்க. ஃபைனலன்னிக்கு நானே வந்து என் கையால கப்பு குடுக்கறதா இருக்கேன்."