லாரிக்காகப் போட்ட நாற்காலிகள்

வீடு காலி செய்ய வரும் லாரி கட்டட வாசலிலேயே நிற்க வேண்டும், தள்ளி நின்றால் சாமானைத் தொடமாட்டோம் என்று ஆட்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். லிப்டில் பீரோ, கட்டில் எதையும் ஏற்றக் கூடாது, படிக்கட்டுதான் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரும் சொல்லியிருந்தார். அந்தத் தெருவில் கொஞ்சம் இடம் கிடைத்தாலும் யாராவது காரைச் சொருகிவிடுவார்கள். நாற்காலி போட்டு இடம் பிடிக்கலாமென்றால், தணிகாசலத்தின் வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. பந்தல் கடையிலிருந்து ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துவந்து, விடிந்ததும் வாசலோரம் வரிசையாகப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

தெருவில் போனவர்கள் வண்டியை மெதுவாக்கினார்கள். எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினார்கள். அந்த வீட்டு அம்மாள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரு சார் தவறிட்டாங்க?"

அவர் விழித்தார்.

"மூணாவது மாடியில தனியா ஒருத்தர் இருப்பாரே, அவரா?"

இத்தனை வருஷமும் மூன்றாவது மாடியில் இருந்தவர், வரிசையாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது.

"ஆமாம்மா" என்றார்.

"அடப்பாவமே. இருக்குற எடமே தெரியாது. நல்ல மனுஷன்." அவள் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். "நீங்க ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. நாற்காலிகளை எடுத்தால்தான் அது வந்து நிற்க முடியும். அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். அழுது முடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார்.