கேட் லிஸ்ட்

"அந்த ஒரு உத்தரவ மட்டும் விட்டுருங்கக்கா!"

கம்ப்யூட்டர் ரூம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பெத்தம்மாள். ராஜபாளையத்து நூல் மில்லில் ஸ்பின்னிங் வேலை அவளுக்கு.

உள்ளே கிருபாபாய் திரும்பவே இல்லை. 1992. மில்லுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. எந்த விவரம் யார் மேசைக்குப் போகவேண்டும் என்று பழையதில் இருந்த உத்தரவுகளை, கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்து அடித்துப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

அதில் ஒன்று: வேலை நேரத்தில் கேட்டைத் தாண்டிப் போய்க் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனவர்கள் பெயர், மறுநாள் காலையில் முதலாளி மேசைக்குப் போகவேண்டும். மூன்று தடவை பெயர் வந்தால் வேலை போச்சு.

பெத்தம்மாள் பெயர் இரண்டு தடவை வந்தாயிற்று.

"சேத்தூர்லருந்து எந் தங்கச்சி எம் பிள்ளையத் தூக்கிட்டு கேட்டுக்கு வாரா. பால் குடிக்கிற பிள்ள கடிகாரத்தப் பாத்தா குடிக்கும்?"

"அந்த லிஸ்ட் முதலாளிக்குப் போயித்தான் ஆகணும்" என்றாள் கிருபாபாய்.

பக்கத்தில் நின்ற மேனேஜர் சங்கரலிங்கம் சிரித்தார். "கேட்டுக்கிட்டியா? மில்லுன்னா ஒழுங்கு வேணும்."

பெத்தம்மாளுக்குச் சுருக்கென்றது.

"நீங்களும் ரெண்டு பிள்ள பெத்தவங்கதானக்கா? நல்லாருங்க! இன்னைக்கும் போவேன். எம் பேரப் பெருசாவே அடிச்சுக்கோங்க."

போனாள். இருபது நிமிஷம் மடியில் போட்டுப் பால் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டனுப்பினார். போனால் போகட்டும் வேலை என்று தலை நிமிர்ந்தே உள்ளே நுழைந்தாள். அங்கே சங்கரலிங்கம் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி கையில் லிஸ்ட்.

"இருபது நிமிஷம் எங்கம்மா போன?"

"பிள்ளைக்குப் பால் குடுக்க, முதலாளி. இன்னைக்கும் போவேன்."

"சரி. ஓய் மேனேஜர், மொதப் பேரே உம்ம பேருதான். மூணு மணி நேரம்! நீரு யாருக்குப் பால் குடுக்கப் போனீரு?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும்... ஒரு சொந்த வேலையா..." என்று இழுத்தார் சங்கரலிங்கம். "முதலாளி, இந்த லிஸ்டே நமக்கு வேண்டாமே!"

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். லிஸ்டை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

பெத்தம்மாள் நேரே கம்ப்யூட்டர் ரூமுக்கு ஓடினாள்.

"அக்கா! இத்தன நாளா வராத மேனேஜர் பேரு, நேத்து மட்டும் எப்படிக்கா வந்துச்சு?"

கிருபாபாய் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"பழைய கம்ப்யூட்டர்ல 'ஆபீஸ்காரர்கள் நீங்கலாக'ன்னு ஒரு வரி இருந்துச்சு, ஏட்டி. அதக் கொண்டுவர மறந்துட்டேன்."