தெரியாமலோ!

"என்னைத் தெரியுதோ, தம்பி?"

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நின்ற பெரியவர் இப்படிக் கேட்டதும் பிரவீனன் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "தெரியாமலோ மாமா!" என்று பாய்ந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

ஆள் யாரென்று அவனுக்கு மருந்துக்கும் தெரியாது.

எல்லாம் போன வருடத்துக் கல்யாண வீட்டில் தொடங்கிய வினை. அன்று கோட்டும் கழுத்தில் ரையும் கறுத்த மீசையுமாக வந்து சுகம் விசாரித்த ஒருவரிடம், "மன்னிக்கோணும், நீங்கள் ஆர்?" என்று சபை நடுவே கேட்டுவிட்டான். அவர் செல்வரட்ணம், ஊரிலிருந்து அப்போதுதான் வந்து குடியேறியிருந்தவர், அவன் மனைவி நிரோஷினியின் சொந்தச் சித்தப்பா. அதற்குப் பிறகு மனிதர் இவர்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா ரெலிபோனில்கூடக் கதைப்பதில்லையே என்று நிரோஷினி கண் கலங்காத வாரமில்லை.

இன்றைக்கு ரூஜ் பூங்காவில் அவளுடைய சொந்தக்காரர்கள் குடும்பம் குடும்பமாக ஒன்றுகூடிக் காலாற நடக்கிறார்கள். அவளுக்கு வேலை. கணவனையும் மகள் மிதுஷாவையும் அனுப்பும்போது வாசலில் நின்று எச்சரித்தாள்.

"சித்தப்பாவும் வாறார். ஆர் வந்து கதைச்சாலும் தெரியும் எண்டு சொல்லுங்கோ. இந்த முறையும் பிழைச்சுதெண்டால் பிறகு என்னோட கதைக்க வேண்டாம்."

சித்தப்பாவின் படம் ஒன்றைக் காட்டு என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. பூங்காவின் கார்ப்பாக்கில் காரை நிறுத்திவிட்டு, தமிழ்க் குரல் கேட்ட கூட்டத்துக்குள் நேரே புகுந்தான். "ஓமோம்", "உங்களை மறப்பனே!", "அண்டைக்குக் கண்டது" என்று அள்ளி வீசினான். அவர்களும் குறை வைக்கவில்லை. "அம்மா சுகமோ, தம்பி?" என்று அன்பாகக் கேட்டார்கள். அப்போதுதான் தொப்பிப் பெரியவரும் வந்து நின்றார்.

விசிலோடு ஒருவர் முன்னால் போக, கூட்டம் கிளம்பியது. சதுப்பின் மேலே போட்டிருந்த பலகைப் பாதையில் பிள்ளைகள் தடதடவென்று ஓடினார்கள். இருபுறமும் கோரை ஆள் உயரத்துக்கு நின்றது. பிரவீனனின் கண்கள் மட்டும் கறுத்த மீசையைத் தேடியபடியே இருந்தன. கூட்டத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

தொப்பிப் பெரியவருக்கோ மீசையே இல்லை, மழுமழுவென்று மழித்த முகம். அவர் மிதுஷாவைக் கையில் பிடித்து, மரக்கட்டையில் வெயில் காய்ந்த ஆமைகளைக் காட்டினார். அவள் அவரை விட்டு அசையவில்லை.

பாதை திறந்த புல்வெளியில் ஏறத் தொடங்கியதும் பெரியவருக்கு மூச்சு வாங்கியது. பிரவீனன் தன் கையைக் கொடுத்தான். இத்தனை சொந்தங்கள் இருக்க, அவர் தன்னை மட்டுமே பிடித்துக்கொண்டு வருவதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"இந்தக் காலத்துப் பெடியள் கண்டாலும் காணாத மாதிரிப் போறாங்கள். நீர் அப்பிடியில்லை. பெத்தவை நல்லா வளத்திருக்கினம்" என்றார் அவர்.

இதைச் சித்தப்பா கேட்டிருக்க வேண்டும் என்று பிரவீனன் நினைத்துக்கொண்டான்.

மேட்டில் எல்லோரும் புல்லில் அமர்ந்தார்கள். ரோல்ஸ் பெட்டி சுற்றி வந்தது. அவன் ஒன்றை எடுத்துக் கடிக்கவும் நிரோஷினி கைபேசியில் அழைக்கவும் சரியாக இருந்தது.

"எங்கை நிக்கிறியள்?"

"உம்மட ஆக்களோடதான். மேட்டில இருந்து ரோல்ஸ் சாப்பிடுறம்."

"என்ன ரோல்ஸ்? எங்கட ஆக்கள் றோட்டுக்கு அங்கால மற்றக் கார்ப்பாக்கில நிண்டு, பாத்துப் பாத்துக் களைச்சு நடக்கத் தொடங்கிட்டினமாம்! அப்ப நீங்கள் ஆரோட நிக்கிறியள்? ஐயோ, சித்தப்பா என்ன நினைக்கப்போறார்!"

அதே வேளையில் விசில்காரர் ஒரு நீளப் பதாகையை விரித்துப் பிடித்தார். ஏதோ ஒரு பெண்கள் பாடசாலையின் பழைய மாணவிகள் சங்கம் அவனைக் குடும்பத்தோடு வரவேற்றது. வாயில் இருந்த ரோல்ஸ் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

சத்தமில்லாமல் நழுவியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் பெரியவர் மிதுஷாவுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. கோடைக்கென்று வளர்த்திருந்த தாடியைத் தடவிக்கொண்டு அருகில் போய்க் குந்தினான்.

"ஐயா, குறை நினைக்கக் கூடாது. எனக்கு உங்களைத் தெரியாது. இந்தக் கூட்டத்தில ஒருத்தரையும் தெரியாது. நான் ஆக்களை மாறி வந்திட்டன்."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மனிசியின்ர சித்தப்பா ஒருத்தர், செல்வரட்ணம் எண்டு. பொல்லாத மனுசன். போன வருசம் 'நீங்கள் ஆர்' எண்டு கேட்டுப்போட்டன். இண்டைக்கும் கோவம் ஆறேல்லை. அவருக்குப் பயத்திலதான் காணுற எல்லாரையும் தெரியும் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன்."

பெரியவரின் கையில் பாதி உரித்த தோடம்பழம் அப்படியே நின்றது. பதாகையை ஒருமுறை வாசித்தார். ரோல்ஸ் சாப்பிடும் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பிரவீனனின் தாடியையும் முகத்தையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அந்தப் பொல்லாத மனுசனுக்கும் உம்மைத் தெரியேல்லையே, மருமகன்!"